மைக்காத் தகடுகளுக்கு நடுவே ஒரு நானோமீட்டர்: ஜேக்கப் இஸ்ரேலச்விலியின் பரப்பு விசை ஆய்வுகள் – விவாத இழை

தேடல் எழுதியது:

வணக்கம். முதுகலை வேதியியல் வகுப்புக்குக் கூழ்ம வேதியியல் பாடக்குறிப்பு தயாராகிறது. வான் டெர் வால்ஸ் விசை, மின்னிரட்டை அடுக்கு (மின்சுமையுள்ள பரப்பைத் திரவத்தில் சூழும் அயனிகள்), இவை இரண்டையும் கூட்டிப் பார்க்கும் டி.எல்.வி.ஓ கோட்பாடு மூன்றையும் சமன்பாடாக நடத்திவிடலாம். ஆனால் "இதை யார் அளந்து பார்த்தது, எப்படி அளந்தார்கள்" என்று மாணவர்கள் கேட்டால் நூல்களில் கிடைப்பது இரண்டு வரிதான்: இஸ்ரேலச்விலி, மைக்கா, பரப்பு விசைக் கருவி.

அணுவிசை நுண்ணோக்கி வந்தது 1986-இல். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பே 0.1 நானோமீட்டர் துல்லியத்தில் தூரத்தை அளந்தது எப்படி? ஏன் மைக்கா என்ற கனிமம்? இவருடைய பணியை எந்த வரிசையில் சொன்னால் மாணவர்களுக்கு விளங்கும்? செய்முறை விவரம் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது.

கூழ்மவேதி எழுதியது:

நல்ல கேள்வி. ஆண்டு வரிசையில் சொல்வதைவிட, அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வியை முன்னால் வைத்துச் சொல்லுங்கள்: இரண்டு பரப்புகள் நெருங்கிக்கொண்டே போனால், ஊடகத்தைத் தொடர்ச்சியான பொருளாகக் கருதும் கோட்பாடு எந்தத் தூரம் வரை தாங்கும்? எங்கே மூலக்கூறின் உருவம் தலைகாட்டத் தொடங்கும்? கருவியில் பெரிய மாற்றமே இல்லாமல், நடுவே இருக்கும் பொருளை மாற்றி மாற்றி இந்தக் கேள்வியைக் கேட்டார். காற்று, உப்புநீர், கரிமத் திரவம், சோப்பு, புரதம் என்று போனது அந்த வரிசை.

தொடக்கம் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகம். 1944-இல் டெல் அவிவில் பிறந்தவர், டேவிட் டேபரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து 1972-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன் நிலவரம் என்ன? தூரம் கூடினால் வான் டெர் வால்ஸ் விசை இன்னும் வேகமாகத் தேயும் என்ற தாமத விளைவைக் காஸிமிரும் போல்டரும் 1948-இல் கணக்கிட்டுவிட்டார்கள். பெரிய பொருள்களுக்கான பொதுக் கோட்பாட்டை லிஃப்ஷிட்ஸ் 1950-களில் தந்தார். மாஸ்கோவில் டெர்யாகினும் அப்ரிகோசோவாவும், நெதர்லாந்தில் ஓவர்பீக் குழுவும் கண்ணாடி, குவார்ட்ஸ் பரப்புகளை வைத்து அளந்தார்கள். அவர்களால் ஏறக்குறைய 100 நானோமீட்டருக்குக் கீழே இறங்க முடியவில்லை. மெருகேற்றிய கண்ணாடியில் மேடுபள்ளமே சில நானோமீட்டர் இருக்கும், தூசி அதைவிடப் பெரியது. மேடும் மேடும் முதலில் முட்டிக்கொண்டால் அளக்க என்ன மிஞ்சும்?

டேபரும் விண்டர்டனும் 1960-களின் இறுதியில் மைக்காவுக்கு மாறி, 5 முதல் 30 நானோமீட்டர் வரை காற்றில் அளந்தார்கள். அதை இஸ்ரேலச்விலி 1972-இல் 1.5 முதல் 130 நானோமீட்டர் வரை விரித்தார். குறுக்காக வைத்த உருளைகளுக்கிடையே விசை, 12 நானோமீட்டருக்குக் கீழே தூரத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் போகிறது; 50-ஐத் தாண்டினால் முப்படிக்கு எதிர்விகிதம்; நடுவில் மெல்ல மாறுகிறது. இயல்பு நிலையிலிருந்து தாமத நிலைக்கு விசை மாறுவதை ஒரே கருவியில் காட்டிய அளவீடு இது. மைக்காவுக்கு ஹமாக்கர் மாறிலி (வான் டெர் வால்ஸ் ஈர்ப்பின் வலுவைச் சொல்லும் எண்) 1.35×10⁻¹⁹ ஜூல் என்று கிடைத்தது.

அளந்த விதம் அழகானது. ஒரு பரப்பை ஸ்பிரிங்கில் பொருத்தி மற்றதை மெல்ல நெருக்கினால், விசை தூரத்தோடு மாறும் வேகம் ஸ்பிரிங்கின் விறைப்பைத் தாண்டும் நொடியில் இரண்டும் தாவி ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாவல் தூரத்தின் முப்படி = (ஹமாக்கர் மாறிலி × ஆரம்) ÷ (3 × ஸ்பிரிங் விறைப்பு). ஆரம் 1 செ.மீ., விறைப்பு மீட்டருக்கு 100 நியூட்டன் என்றால் தாவல் 16.5 நானோமீட்டரில் நடக்கும். 1.5 நானோமீட்டரில் நடக்கவேண்டுமானால் விறைப்பு மீட்டருக்கு 1,30,000 நியூட்டனுக்கு மேல் வேண்டும். ஆகவே ஒரே ஸ்பிரிங்கை வைத்து முழு வீச்சையும் அளக்க முடியாது; விறைப்பை மாற்றிக்கொண்டே போகவேண்டும். தூரம் அதிகமான பகுதிக்கு வேறு வழி: ஒரு பரப்பை அதிரவிட்டு, மற்றது அருகில் வரும்போது ஒத்ததிர்வு அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார்கள்.

ஒளிவரி எழுதியது:

தூரம் அளந்த முறையை நான் எழுதுகிறேன். பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான்.

ஒவ்வொரு மைக்காத் தகட்டின் பின்பக்கத்திலும் சுமார் 50 முதல் 55 நானோமீட்டர் தடிமனுக்கு வெள்ளிப் பூச்சு. இரண்டு தகடுகளையும் எதிரெதிரே வைத்தால் வெள்ளி, மைக்கா, இடைவெளி, மைக்கா, வெள்ளி என்று ஓர் அடுக்கு கிடைக்கும். கீழிருந்து வெள்ளை ஒளியைச் செலுத்தினால் அது இரண்டு வெள்ளிப் படலங்களுக்கிடையே பலமுறை எதிரொளிக்கும்; சில அலைநீளங்கள் மட்டும் வெளியே வரும். அதை நிறமாலைமானிக்குள் அனுப்பினால் தனித்தனிக் கூர்மையான வரிகளாகத் தெரியும். ஃபீகோ வரிகள் என்று ஆய்வகங்களில் சொல்வது இவற்றைத்தான். டொலான்ஸ்கி வளர்த்தெடுத்த பல்கற்றைக் குறுக்கீட்டு முறை இது. மைக்கா அடுக்குக்கு வேண்டிய கணக்கை இஸ்ரேலச்விலி 1973-இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

முதலில் பரப்புகளைத் தொடவிட்டு வரிகளின் அலைநீளத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். அது சுழியம். பக்கத்துப் பக்கத்து வரிகளின் அலைநீள இடைவெளியிலிருந்து வரிசை எண்ணும், அதிலிருந்து மைக்காவின் தடிமனும் கிடைத்துவிடும். பிறகு பிரித்தால் வரிகள் சிவப்புப் பக்கம் நகரும். நகர்வு எவ்வளவு என்பதிலிருந்து தூரம்.

எண்களோடு பார்ப்போம். தகடு ஒவ்வொன்றும் 3 மைக்ரோமீட்டர் என்றால் பச்சை நிறப் பகுதியில் வரிசை எண் 34 சுற்றி இருக்கும். தூரம் 0.1 நானோமீட்டர் கூடினால் வரி ஏறத்தாழ 0.009 நானோமீட்டர் நகரும். தகடு 2 மைக்ரோமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு நகர்வு 0.013 ஆகிவிடும். அதனால்தான் மெல்லிய தகட்டுக்கு அவ்வளவு பாடுபடுகிறார்கள். அலைநீள அளவுகோலுக்குப் பாதரச விளக்கின் 546.1 பச்சை வரியும் 577, 579 மஞ்சள் வரிகளும் போதும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தூரம் சிறிதாக இருக்கும்போது ஒற்றைப்படை வரிசை வரிகளின் நகர்வு இடையில் என்ன திரவம் இருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாது. தூரத்தை மட்டும் சொல்லும். இரட்டைப்படை வரிகள் ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்துச் சொல்லும். இரண்டையும் படித்தால் எவ்வளவு தூரம் என்பதோடு, அந்த இடுக்கில் இருப்பது நீரா, சோப்பு அடுக்கா, வெறும் காற்றா என்பதும் தெரியும். வேறு எந்த விசைமானி இதைத் தருகிறது?

தேடல் எழுதியது:

நன்றி, நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். இரண்டு தட்டைத் தகடுகளை நேருக்கு நேர் வைக்காமல் ஏன் குறுக்கு உருளைகள்?

கூழ்மவேதி எழுதியது:

தட்டையை இணையாக நிறுத்த முடியாது என்பதே காரணம். 1 செ.மீ. தகட்டில் ஒரு முனை 1 நானோமீட்டர் தூக்கி நின்றாலே அளவு கெட்டுவிடும். 90 பாகையில் குறுக்காக வைத்த இரண்டு சம ஆர உருளைகள் எப்படி வைத்தாலும் ஒரே புள்ளியில் சந்திக்கும். வடிவக் கணக்கில் ஒரு கோளமும் ஒரு தட்டையும் சந்திப்பதற்குச் சமம். ஒரு புள்ளி அழுக்கானால் உருளையைப் பக்கவாட்டில் நகர்த்திப் புதுப் புள்ளிக்குப் போகலாம். டெர்யாகின் தோராயப்படி விசையை ஆரத்தால் வகுத்தால் அது, தட்டைப் பரப்புகளுக்கிடையே ஒரு சதுர மீட்டருக்கான ஆற்றலை 2π ஆல் பெருக்கியதற்குச் சமம். அந்தக் கட்டுரைகளில் எல்லா வரைபடமும் விசை வகுத்தல் ஆரம் என்று இருப்பது இதனால்தான்.

வெள்ளிப்பூச்சு எழுதியது:

மைக்கா தயாரிப்பு பற்றி விரிவாக எழுதுகிறேன். இந்தக் கருவியில் கெட்டுப்போகும் சோதனைகளில் பெரும்பாலானவை கருவிக்கு வருவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

மஸ்கோவைட் மைக்கா அடுக்கடுக்கான கனிமம். அடுக்குகளைப் பிடித்திருப்பவை நடுவில் உள்ள பொட்டாசியம் அயனிகள். அந்தத் தளத்தில்தான் பிளக்கும். நன்றாகப் பிளந்தால் சதுர சென்டிமீட்டர் கணக்கில் ஓர் அணுப்படிகூட இல்லாத பரப்பு கிடைக்கும். படி வந்தால் குறைந்தது ஏறத்தாழ 1 நானோமீட்டர், அடுக்கின் உயரம்.

காற்றோட்டம் ஒரே சீராக வரும் தூய்மை மேடையில், தூள் இல்லாத கையுறையோடு வேலை. தடித்த தகட்டின் ஓரத்தில் ஊசியை நுழைத்துப் பிளந்து, மறுபடி பிளந்து, 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை கொண்டுவரவேண்டும். எதிரொளியில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கீட்டு நிறம் தெரியும். ஒரே நிறமாகப் பரந்திருக்கும் இடம் ஒரே தடிமன், நிறம் வெட்டுப்பட்டால் அங்கே படி. அந்த ஒரே நிறப் பகுதியிலிருந்து சுமார் 1 செ.மீ. சதுரங்களாக, மின்சாரத்தால் வெண்சூடாக்கிய மெல்லிய பிளாட்டினம் கம்பியால் உருக்கி வெட்டுவார்கள். கத்தரிக்கோல் வைத்தால் ஓரத்தில் செதில் பறந்து பரப்பில் விழும், அதனால்தான் கம்பி. வெட்டிய துண்டுகளை அப்போதே பிளந்த தடித்த மைக்கா மேல் படியவைத்து, வெற்றிட ஆவியாக்கியில் மேல்பக்கம் வெள்ளி பூசவேண்டும். அடிப்பக்கம் பின்தகட்டோடு ஒட்டியிருப்பதால் காற்றே படாது. ஒட்டும் நேரத்தில்தான் உரிக்கவேண்டும்.

இரண்டு துண்டும் ஒரே தாளிலிருந்து, ஒரே தடிமனில் வரவேண்டும். வேறு வேறு தடிமன் என்றால் ஒளிவரி சொன்ன ஒற்றை–இரட்டை எளிய கணக்கு பொருந்தாது.

ஒட்டுவது: உருளை வடிவச் சிலிக்கா வட்டின் மேல் எபாக்சிப் பிசினைச் சூடாக்கி உருக்கி, மெல்லிய படலமாகப் பரப்பி, வெள்ளிப் பக்கம் கீழே இருக்குமாறு மைக்காவைப் படியவிடுவார்கள். எபான் 1004 என்ற பிசின்தான் வழக்கம். கரிமத் திரவத்தில் சோதனை என்றால் எபாக்சி ஊறிவிடும் அல்லது கரைந்து கசியும். அப்போது உருக்கிய சர்க்கரைதான் பசை. சர்க்கரைப் பசையை நீர்ச் சோதனைக்கு வைக்க வழியில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். பசைக்குள் குமிழி இருந்தால் வரியில் மேடாகத் தெரியும். அந்த வட்டைத் தள்ளிவைத்துவிட்டு வேறு ஒட்டவும்.

இனி பிளாட்டினம் கம்பி விவகாரம். 1990-களின் இறுதியில் ஏ.எஃப்.எம் (அணுவிசை நுண்ணோக்கி) வைத்துப் பார்த்தபோது, உருக்கி வெட்டிய சில மைக்காப் பரப்புகளில் நானோமீட்டர் உயரத் துகள்கள் தென்பட்டன. அவை பிளாட்டினமே என்று 2003-இல் காட்டினார்கள். சூட்டில் கம்பியிலிருந்து ஆவியாகும் உலோகம், காற்று போகும் திசையில் உள்ள மைக்காவில் படிகிறது. பழைய அளவீடுகள் எல்லாம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். ஆனால் பரப்பில் துகள் நிறைய இருந்தால் தொடும்போது வரி தட்டையாகாது, ஒட்டுவிசையும் படுத்துவிடும். மூலக்கூறு அளவு ஏற்ற இறக்கங்களைத் தெளிவாகக் காட்டிய வரைபடங்கள் அப்படிப்பட்ட பரப்பிலிருந்து வந்திருக்க முடியாது. வெட்டும்போது மைக்காவின் நல்ல பக்கத்தைக் காற்று வரும் திசையில் வைப்பது ஒரு வழி. ஒட்டிய பிறகு பிசின்நாடாவால் மேலடுக்கை உரித்து எடுத்துப் புதுப் பரப்பில் அளப்பது இன்னொரு வழி. இதில் இரண்டு தகட்டின் தடிமனும் வேறாகிவிடும், கணக்கைச் சமச்சீரற்ற முறையில் போடவேண்டும்.

மயிலை_இயற்பியல் எழுதியது:

எல்லாம் சரி சார். ஆனால் இன்றைக்கு ஏ.எஃப்.எம் இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு? அது 10 பைக்கோநியூட்டன் அளக்கிறது. இது 10 நானோநியூட்டன். ஆயிரம் மடங்கு மோசம். மாணவர்களுக்கு இதை வரலாறாக மட்டும் சொன்னால் போதாதா?

ஒளிவரி எழுதியது:

விசையை மட்டும் ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். விசை வகுத்தல் ஆரம் பாருங்கள். எஸ்.எஃப்.ஏ-யில் (பரப்பு விசைக் கருவியில்) 10 நானோநியூட்டனை 1 செ.மீ. ஆல் வகுத்தால் மீட்டருக்கு 1 மைக்ரோநியூட்டன். ஏ.எஃப்.எம் முனையின் ஆரம் 10 நானோமீட்டர், விசை 10 பைக்கோநியூட்டன் என்றால் மீட்டருக்கு 1 மில்லிநியூட்டன். பரப்பு ஆற்றல் என்ற கணக்கில் பழைய கருவி ஆயிரம் மடங்கு நுட்பமானது. முனைக்குப் பதில் சில மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளத்தை ஒட்டிய கூழ்ம முனை முறை 1991-இல் வந்தபோதுதான் இந்த இடைவெளி மூடியது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான பாஷ்லி, கான்பெராவில் இஸ்ரேலச்விலியோடு வேலை செய்தவர்.

அதைவிடப் பெரிய வேறுபாடு சுழியம். ஏ.எஃப்.எம்-இல் தொடுகை என்பது வளைகோடு நேராகும் இடம். அங்கே ஓரடுக்கு நீர் மாட்டிக்கொண்டிருந்தாலும் தெரியாது. வரிகளோ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உலர்ந்த நைட்ரஜனில் ஒருமுறை தொட்டுச் சுழியம் குறித்துக்கொண்டு, திரவம் விட்ட பிறகு மறுபடி தொடவிட்டால், அரை நானோமீட்டர் வித்தியாசம்கூட வரியில் வந்து நிற்கும்.

எஸ்.எஃப்.ஏ-க்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ஒளி ஊடுருவாத பொருள் ஆகாது, ஒரு சோதனைக்கே நாள்கள் ஓடும், அறையின் வெப்பநிலை 0.1 பாகை அசைந்தால் தூரம் தானாக நகரும். நகர்வு நிற்கும் வரை சில மணி நேரம் மூடிவைத்துக் காத்திருப்பது கட்டாயம்.

வேகத்தையும் கவனிக்கவேண்டும். நீரில் 1 செ.மீ. ஆரம், 10 நானோமீட்டர் தூரம், நொடிக்கு 1 நானோமீட்டர் வேகம் என்று வைத்துப் பாகுத்தன்மை விசையைக் கணக்கிட்டால் 1.9×10⁻⁷ நியூட்டன் வரும். அளக்கவேண்டிய விசையே அந்த அளவில்தான் இருக்கிறது! அவசரப்பட்டு நெருக்கினால் இல்லாத விலக்குவிசை ஒன்று வரைபடத்தில் ஏறிவிடும். ஆகவே ஒரு படி நகர்த்து, நிறுத்து, வரி அசையாமல் நிற்கிறதா என்று பார், பிறகு படி.

கூழ்மவேதி எழுதியது:

மேலே ஒளிவரி கான்பெராவைத் தொட்டுவிட்டார். அங்கிருந்து தொடர்கிறேன்.

ஸ்டாக்ஹோமில் சில காலம் இருந்துவிட்டு 1974-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் போனார். நினமின் பயன்பாட்டுக் கணிதத் துறை அது. கோட்பாட்டாளர்கள் நடுவில் ஒரு சோதனைக்காரர் உட்கார்ந்தது நல்ல பொருத்தம். கணக்குப் போட்டவர் பக்கத்து அறையிலேயே இருந்தார். ஆடம்ஸுடன் சேர்ந்து கருவியைத் திரவத்துக்குள் வேலை செய்யும்படி மாற்றி, 1976-இல் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் மைக்காக்களுக்கிடையேயான விசையை வெளியிட்டார். முழுக் கட்டுரை 1978-இல். நகர்த்தும் அமைப்பு மூன்று நிலை: முரட்டு நகர்வுக்கு மைக்ரோமீட்டர் திருகு, நடு நகர்வுக்கு, ஒரு மெல்லிய ஸ்பிரிங்கை அழுத்தினால் விறைப்பான ஸ்பிரிங் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் நகரும் அமைப்பு, நுண் நகர்வுக்கு, மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ குழாய், வோல்ட்டுக்குச் சுமார் 1 நானோமீட்டர். விசை ஸ்பிரிங் இரட்டை நாக்கு வடிவம். ஒற்றை நாக்கு வளையும்போது பரப்பு சாய்ந்து உருளும். இரட்டை நாக்கில் இணையாகவே நகரும்.

விசை எடுப்பது வெறும் கழித்தல். பீசோ 5 நானோமீட்டர் தள்ளியது, வரி 4 நானோமீட்டர்தான் நெருங்கியது என்று சொன்னால், மீதி 1 நானோமீட்டர் ஸ்பிரிங் வளைந்தது. அதை விறைப்பால் பெருக்கினால் விசை. விறைப்பைச் சோதனை முடிந்தபின் தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டு அளப்பார்கள்.

கிடைத்தது என்ன? 1 மில்லிமோலார் உப்பில் விலக்குவிசை ஏறத்தாழ 9.6 நானோமீட்டர் டெபை நீளத்தோடு (மின்விலக்கு தேயும் தூர அளவு) தேய்ந்தது, கோட்பாடு சொன்னபடியே. உள்ளே நெருங்கினால் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு. காகிதத்தில் 1940-களிலிருந்து இருந்த டி.எல்.வி.ஓ, இரண்டு பரப்புகளுக்கிடையே நேராக அளக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதிக உப்பில், சில நானோமீட்டருக்குள், வரவேண்டிய ஈர்ப்புக்குப் பதில் ஒரு வலுத்த விலக்கு. பாஷ்லி 1981-இல் அயனி அயனியாகப் பிரித்துப் பார்த்தார். சோடியம் உப்பில் சுமார் 10 மில்லிமோலாருக்கு மேல் இது எழுகிறது. அமிலத்தில், மைக்காவில் ஒட்டுவது ஹைட்ரோனியம் மட்டும் என்றால், எழுவதே இல்லை. நீரைப் போர்த்திக்கொண்டு பரப்பில் உட்கார்ந்த அயனியிடமிருந்து அந்த நீரைப் பிடுங்குவதற்கு ஆகும் செலவு இது.

அதே 1981-இல் ஹார்னுடன் செய்த சோதனைதான் என் பார்வையில் இவர் வாழ்நாள் பணியின் உச்சம். ஆக்டாமெத்தில் சைக்ளோ டெட்ராசிலாக்சேன் என்ற ஏறக்குறைய கோள வடிவ மூலக்கூறு, குறுக்களவு 0.9 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே. அதை நடுவில் விட்டு நெருக்கினால் விசை ஈர்ப்பு, விலக்கு, ஈர்ப்பு, விலக்கு என்று மாறி மாறி வருகிறது; அலைவின் நீளம் மூலக்கூறின் குறுக்களவே. ஆறு அடுக்கு, ஐந்து அடுக்கு, நான்கு அடுக்கு என்று திரவம் படிப்படியாக வெளியேறுகிறது. தொடர்ச்சி ஊடகம் என்ற எண்ணம் எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு வரைபடமே பதில் சொன்னது. நீரிலும் 1983-இல் இதே அலைவைக் கண்டார்கள், நீளம் 0.25 நானோமீட்டர், நீர் மூலக்கூறின் அளவு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்தத் திரவத்தில் நீர் துளி அளவு கலந்திருந்தாலும் தொடும் இடத்தைச் சுற்றி நீர் ஒடுங்கிப் படிந்து, அலைவு உருமாறிவிடும். அறைக்குள் பாஸ்பரஸ் பென்டாக்சைடு வைத்து உலர்த்துவது அதற்காகத்தான்.

தேடல் எழுதியது:

நீர்வெறுப்பு விசை, அதாவது நீர் ஒட்டாத பரப்புகள் நீருக்குள் ஒன்றையொன்று இழுப்பது? இணையத்தில் ஒருவர் 100 நானோமீட்டர் வரை நீள்கிறது என்கிறார், இன்னொருவர் 1 நானோமீட்டர்தான் என்கிறார். எதைப் பாடமாக வைப்பது?

நெய்தல்_வேதி எழுதியது:

இரண்டையும் வையுங்கள். ஆனால் இரண்டும் ஒரே விசை இல்லை என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

1982-இல் இஸ்ரேலச்விலியும் பாஷ்லியும் சிடாப் என்ற சோப்பு வகை மூலக்கூறுகளை மைக்காவில் ஓரடுக்காகப் படியவைத்து அளந்தார்கள். வான் டெர் வால்ஸைவிட வலுவான ஈர்ப்பு. ஏறத்தாழ 1 நானோமீட்டர் நீளத்தோடு தேய்ந்தது. பின்னர் பல ஆய்வகங்கள் பல முறைகளில் நீர்வெறுப்பு அடுக்கு பூசி அளந்தபோது பத்துக்கணக்கில், சிலவற்றில் நூறு நானோமீட்டர் வரை ஈர்ப்பு தெரிந்தது. நீர் மூலக்கூறின் ஒழுங்கு அவ்வளவு தூரம் பரவ வழியே இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

இரண்டு விடைகள் நிலைத்தன. ஒன்று குமிழி: நீரில் கரைந்த காற்று நீர்வெறுப்புப் பரப்பில் நானோ அளவுக் குமிழியாக உட்கார்ந்திருக்கும், எதிர்ப்பரப்பு நெருங்கியதும் பாலம் போட்டு இழுக்கும். 1994-இல் விசை வளைகோட்டில் படிபோன்ற தாவல்கள் தெரிந்தது இதற்குச் சான்றானது. காற்று நீக்கிய நீரில் வீச்சு குறைந்தது. இரண்டாவது மின்சுமைத் திட்டுகள்: சோப்பு அடுக்கு மைக்கா மேல் அப்படியே தங்குவதில்லை, நீருக்குள் கிடக்கக் கிடக்க இரட்டையடுக்குத் திட்டுகளாகத் திரண்டுகொள்கிறது. திட்டு நேர்மின், திட்டுக்கு வெளியே வெறும் மைக்கா எதிர்மின். எதிரெதிர்த் திட்டுகள் ஒன்றையொன்று இழுத்தால் நீண்ட தூர ஈர்ப்பு வந்துவிடும். இதை 2005-இல் காட்டிய குழுக்களில் இஸ்ரேலச்விலியின் குழுவும் ஒன்று. தான் தொடங்கிவைத்த துறையில் குவிந்த முடிவுகளைத் தானே பிரித்துப் பார்த்து, இது வேறு, அது வேறு என்று சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வகுப்பில் இப்படிச் சொல்லலாம்: உண்மையான நீர்வெறுப்பு ஈர்ப்பு சில நானோமீட்டருக்குள்; அதைத் தாண்டி வருவதற்குக் காற்றையும் மின்சுமையையும் முதலில் சந்தேகிக்கவேண்டும். சிலேன் வேதிப்பிணைப்பால் பூசிய பரப்பும், வெறுமனே படியவைத்த சோப்புப் பரப்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிப்பூச்சு எழுதியது:

சோப்பு மூலக்கூறுகள் எந்த வடிவத்தில் திரளும் என்பதைப் பற்றி 1976-இல் மிட்செல், நினம் இருவரோடும் எழுதிய பொதிவுக் கட்டுரையை யாரும் சொல்லவில்லையே. விசைக் கருவிக்கு வெளியே இவர் பெயர் அதிகம் அடிபடுவது அதில்தான். சோப்பு மூலக்கூறின் வால் கன அளவை, தலை பிடிக்கும் பரப்பு × வால் நீளம் என்பதால் வகுக்கவேண்டும். மூன்றில் ஒன்றுக்குக் கீழே வந்தால் உருண்டை மிசெல் (மூலக்கூறுத் திரள்). அங்கிருந்து அரை வரை குச்சி. அரைக்கு மேல் ஒன்று வரை இரட்டையடுக்கு, பைகள். ஒன்றைத் தாண்டினால் உள்வெளி மாறிய அமைப்பு.

சோடியம் டோடெசில் சல்ஃபேட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 12 கார்பன் வாலின் கன அளவு 0.35 கன நானோமீட்டர், முழு நீளம் 1.67 நானோமீட்டர், தலைப்பரப்பு சுமார் 0.62 சதுர நானோமீட்டர். விடை 0.34, உருண்டையின் விளிம்பில் நிற்கிறது. உப்பு சேர்த்தால் தலைகளின் விலக்கு தணிந்து தலைப்பரப்பு சுருங்கும், எண் ஏறும், மிசெல் குச்சியாக நீளும். ஷாம்பூவில் உப்பைச் சேர்த்தால் கெட்டியாவது இப்படித்தான். தலைப்பரப்பு என்பது மூலக்கூறின் மாறாத அளவு அல்ல, சூழல் தீர்மானிக்கும் சமநிலை என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். பாதி மாணவர்கள் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

கூழ்மவேதி எழுதியது:

ஆமாம், அது விட்டுப்போனது. கலிஃபோர்னியாக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் சாண்டா பார்பரா போனார்; 2018-இல் மறையும் வரை அங்கேதான். பரப்புகளைப் பக்கவாட்டில் இழுக்கும் அமைப்பைச் சேர்த்து உராய்வுக்குள் நுழைந்தார். 1988-இல் வந்த முடிவு: சில மூலக்கூறு தடிமனுக்கு ஒடுங்கிய திரவம் திரவமாக நடந்துகொள்வதில்லை. ஒரு குறிப்பிட்ட சறுக்கு அழுத்தம் தாண்டும் வரை திடம்போல நிற்கும், தாண்டியதும் வழுக்கும், அந்த அழுத்தம் அடுக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் படிப்படியாக மாறும்.

பிறகு உயிரியல். வெய்ட் குழுவோடு கடல் மட்டியின் பசைப் புரதங்களை மைக்காக்களுக்கிடையே வைத்து அளந்தார்கள். டோபா என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேறிக் குயினோனாக மாறினால் மைக்காவோடு ஒட்டுவிசை விழுந்துவிடுகிறது. அதனால் காரச்சார்பு நிலையில் அளந்தால் ஒட்டாது, அமிலச் சூழலில் ஒட்டும். கடல்நீரோ சற்றுக் காரம். மட்டி தன் பசைத் தட்டுக்குள் அமிலத்தையும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் இன்னொரு புரதத்தையும் வைத்துச் சமாளிக்கிறது. 2006-இல் பல்லி ஆய்வாளர் ஆட்டமுடன் சேர்ந்து, பல்லி விரலை உள்ளிழுத்தால் ஏன் பிடிக்கிறது, பின்னோக்கிச் சுருட்டினால் ஏன் எளிதில் உரிகிறது என்பதை இழுக்கும் கோணத்தின் கணக்காக எழுதினார். விசை அதே வான் டெர் வால்ஸ்தான், 1972-இல் மைக்காவில் அளந்ததே.

தேடல் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. எங்களிடம் கருவி இல்லை. வகுப்பில் ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் கையால் செய்யும்படி ஏதாவது கணக்கு தர முடியுமா?

ஒளிவரி எழுதியது:

தாவல் தூரக் கணக்கையே கொடுங்கள். ஹமாக்கர் மாறிலி 1.35×10⁻¹⁹ ஜூல், ஆரம் 1 செ.மீ. ஸ்பிரிங் விறைப்பு மீட்டருக்கு 100, 1,000, 10,000 நியூட்டன். விடைகள் 16.5, 7.7, 3.6 நானோமீட்டர் வரும். இருபக்க மடக்கைத் தாளில் போட்டால் சாய்வு மூன்றில் ஒன்று, கீழ்நோக்கி. அடுத்து விறைப்பு 1 என்று கொடுத்தால் கணக்கு 77 நானோமீட்டர் என்று சொல்லும். அங்கே நிறுத்தி, 50-க்கு மேல் தாமத விளைவு வந்துவிடும், விசை முப்படிக்கு எதிர்விகிதமாகும், சாய்வு நான்கில் ஒன்றாக மாறும் என்று அவர்களே வருவிக்கட்டும். உண்மையான தாவல் 77-க்குள்தான் நடக்கும்.

அதே கணக்கை நீருக்கு, மாறிலி 2.2×10⁻²⁰ ஜூல் என்று வைத்துப் போட்டால் விறைப்பு 100-க்கு 9 நானோமீட்டர் வரும். பிறகு 1 மில்லிமோலார் உப்பின் 9.6 நானோமீட்டர் டெபை நீளத்தை அதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தில் தாவுமா, மின்விலக்கு தடுக்குமா என்று கேட்டால் டி.எல்.வி.ஓ வரைபடத்தை அவர்களே வரையத் தொடங்கிவிடுவார்கள்.